கவுன்சில் டாக்ஸ் பேண்ட் திடீரென்று கூடிவிட்டதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் பழைய வீடு வாங்கிக் குடிபோகும் நம்மவர்கள் பலருக்குச் சாவி கைக்கு வந்து சில மாதங்களில் ஒரு கடிதம் வருவதுண்டு: உங்கள் வீட்டின் கவுன்சில் டாக்ஸ் பேண்ட் மாற்றப்பட்டுள்ளது என்று. கவுன்சில் டாக்ஸ் என்பது உள்ளூர் கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி; பேண்ட் என்பது வீட்டின் மதிப்பைப் பொறுத்து அதற்கு ஏ முதல் எச் வரை போடும் படி. டி என்று நம்பி மாதச் செலவுக் கணக்குப் போட்டு வாங்கிய வீடு இ ஆகியிருக்கும். அதை எதிர்த்துக் கேட்க முடியுமா, முடியுமென்றால் எப்படி என்பதுதான் கீழே. சொல்வதெல்லாம் இங்கிலாந்து நடைமுறை. வேல்ஸுக்கும் ஸ்கொட்லாந்துக்கும் தனியாக ஒரு கேள்வி இருக்கிறது.

பில் கூடியிருக்கிறது. பேண்ட்தான் கூடியது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

போன வருடத்துப் பில்லையும் இந்த வருடத்துப் பில்லையும் எடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பேண்ட் என்று ஓர் எழுத்து இருக்கும். அது மாறவில்லையென்றால் பிரச்சினை வேறு. அண்மைக் காலமாகப் பெரும்பாலான பெரிய கவுன்சில்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் 5 சதவீதத்தை ஒட்டிக் கூட்டுகின்றன. அதற்கு மேலே போவதென்றால் பொதுவாக மக்களிடம் வாக்கெடுப்பு நடத்த வேண்டும். 4.99 என்ற எண் அடிக்கடி கண்ணில் படுவது அதனால்தான்.

இல்லாவிட்டால் தனியாளுக்கான 25 சதவீதக் கழிவு போயிருக்கலாம். யுனிவர்சிட்டி முடித்த மகள் வீட்டுக்குத் திரும்பி வந்து வேலை தேடிக்கொண்டிருந்தாலும், வீட்டில் இப்போது பெரியவர்கள் இரண்டு பேர் என்றுதான் கணக்கு. தளபாடமில்லாமல் ஒரு வருடத்துக்கு மேல் காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு கவுன்சில் இரட்டிப்பாகவும் அறவிடலாம். இவையெல்லாம் கவுன்சிலோடு கதைக்க வேண்டிய விஷயங்கள்.

எழுத்தே மாறியிருந்தால், அதை மாற்றியது கவுன்சில் அல்ல. வி.ஓ.ஏ. என்று எல்லோரும் சொல்லும் மதிப்பீட்டு அலுவலகம். அரசாங்க வரித் திணைக்களமான எச்.எம்.ஆர்.சி.யின் கீழ் வருவது. கவுன்சில் கவுண்டரில் போய்ச் சண்டை பிடித்துப் பயனில்லை. வி.ஓ.ஏ. கொடுத்த எழுத்தை வைத்துக் கணக்குப் போடுவதோடு கவுன்சிலின் வேலை முடிந்துவிடுகிறது.

ஒரு படி கூடினால் எவ்வளவு வித்தியாசம்?

எல்லாம் ஒன்பதில் ஒரு பங்கு என்ற கணக்கில் நடக்கிறது. டி பேண்ட் ஒன்பது பங்கு. ஏ ஆறு, பி ஏழு, சி எட்டு, இ பதினொன்று, எஃப் பதின்மூன்று, ஜி பதினைந்து, எச் பதினெட்டு. 2025-26இல் இங்கிலாந்தின் சராசரி டி பேண்ட் பில் 2,280 பவுண்ஸ். அப்படியென்றால் ஒரு பங்கு ஏறத்தாழ 253. சியிலிருந்து டிக்குப் போனால் வருடத்துக்கு 253 பவுண்ஸ் கூடும். டியிலிருந்து இக்குப் போனால் 507. ஜியிலிருந்து எச்சுக்கு 760. ஒரு வருடத்தோடு முடிகிற கணக்கும் இல்லை, அந்த வீட்டில் இருக்கும்வரை தொடரும்.

வாங்கியதிலிருந்து நாங்கள் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. பிறகு ஏன் கூடியது?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. பெரும்பாலான நேரம் பதில், உங்களுக்கு முன்னால் இருந்தவர் வைத்த செங்கல்.

சட்டம் இப்படி: ஒருவர் தன் வீட்டில் லொஃப்ட் அறை (கூரைக்குள் ஓர் அறை) போட்டாலும் பின்னால் எக்ஸ்டென்ஷன் இழுத்தாலும், அவர் அங்கே இருக்கும்வரை அதற்காகப் பேண்டைக் கூட்ட முடியாது. வீட்டை விற்றதும் அந்தத் தடை போய்விடும். ஏழு வருடமோ அதற்கு மேலோ குத்தகைக்குக் கொடுத்தாலும் அப்படித்தான். இடைப்பட்ட காலத்தில் வி.ஓ.ஏ. தன் பட்டியலில் அந்த வீட்டுக்கு நேரே ஒரு குறியை மட்டும் போட்டு வைத்துவிட்டுக் காத்திருக்கும். வீடு கைமாறியதும், கூடிய பகுதியையும் சேர்த்துத் திரும்ப மதிப்பிடும். முந்தியவர் இருபது வருடம் அனுபவித்த லொஃப்டுக்கான வரி புதிதாக வந்தவர் தலையில் விடிகிறது. நியாயமா என்றால், என் பார்வையில் இல்லை. ஆனால் சட்டம் 1992இலிருந்து அப்படித்தான் இருக்கிறது. ‘கட்டியது நான் இல்லை’ என்று எழுதுவதால் ஒரு பேண்டும் குறையாது.

இங்கே கவனிக்க வேண்டியது, ‘விற்பனை’ என்ற சொல். அப்பா இறந்து வாரிசாக வந்த வீட்டை அந்தச் சட்டம் விற்பனையாகக் கணக்கிடுவதில்லை.

வேறு காரணங்களும் உண்டு. இரண்டு ஃபிளாட்டை ஒன்றாக்கியிருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரர் தன் பேண்டைப் பற்றிக் கேட்கப்போக, வி.ஓ.ஏ. தெருவையே பார்த்து, உங்கள் வீடுதான் பிழையாகக் குறைவாகக் கிடக்கிறது என்று கண்டுபிடித்திருக்கலாம். கடிதத்தில் காரணம் தெளிவாக இல்லாவிட்டால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். என்ன காரணம் என்று தெரியாமல் எழுதும் முறையீடு பெரும்பாலும் சம்பந்தமில்லாத இடத்தில் போய் முட்டும்.

நாங்களே லொஃப்ட் போட்டோம். கூடுமா?

நீங்கள் விற்கும்வரை பேண்ட் ஏறாது. விற்ற பிறகும் தானாக ஏறாது. கூடிய மதிப்பு அடுத்த பேண்டின் எல்லையைத் தாண்டினால்தான்.

அம்மா அப்பாவுக்கென்று பின்வளவில் ஓர் அறை கட்டினோம். அதற்குத் தனிப் பில் வந்திருக்கிறதே?

அந்த அறைக்குள் சமையல் வசதி, குளியலறை, படுக்கும் இடம் மூன்றும் இருக்கின்றனவா? இருந்தால் அது ‘தனியாக வாழக்கூடிய பகுதி’ என்று கருதப்பட்டு, அதற்கென்று ஒரு பேண்ட் விழும். பெரும்பாலும் ஏ. விற்பனைவரை காத்திருக்கும் சலுகை இதற்குக் கிடையாது, கட்டி முடித்ததுமே வரும். ஹாரோ, ஈஸ்ட் ஹாம் பக்கம் இப்படி எத்தனையோ வளவுகள் இருக்கின்றன. ஒரு சிங்கும் குக்கரும் வைத்ததால் வந்த வினை என்று பிறகுதான் தெரியவரும்.

பயப்பட வேண்டாம், இதில் வழி இருக்கிறது. பெரிய வீட்டில் இருப்பவர்களின் உறவினர் 65 வயதைத் தாண்டியவராகவோ கடுமையான உடல் இயலாமை உள்ளவராகவோ இருந்து, அங்கேயே நிரந்தரமாக வசித்தால், அந்தப் பகுதிக்கு வரியே இல்லை. வேறு குடும்பத்தவர் இருந்தாலும், அல்லது பெரிய வீட்டின் ஒரு பகுதியாக நீங்களே பாவித்தாலும் 50 சதவீதக் கழிவு உண்டு. கேட்டால்தான் தருவார்கள். கேட்க வேண்டியது கவுன்சிலிடம். சமையல் வசதி உண்மையிலேயே அங்கு இல்லையென்றால், அதைப் படத்தோடு வி.ஓ.ஏ.க்கு எழுதித் தனிப் பேண்டையே நீக்கச் சொல்லலாம்.

அறை அறையாக வாடகைக்கு விட்ட வீட்டில் ஒவ்வோர் அறைக்கும் பேண்ட் போட்டார்களே?

முன்பு நடந்தது. 2023 டிசம்பர் 1இலிருந்து இங்கிலாந்தில் பலர் பகிர்ந்து வாழும் அத்தகைய வீட்டை ஒரே வீடாகத்தான் பேண்ட் செய்ய வேண்டும், வரி கட்ட வேண்டியவர் வீட்டுச் சொந்தக்காரர். இன்னும் அறை அறையாகக் கிடந்தால் வி.ஓ.ஏ.க்கு எழுதுங்கள்.

வீட்டின் இன்றைய விலையை வைத்தா பேண்ட் போடுகிறார்கள்?

இல்லை. 1991 ஏப்ரல் 1ஆம் தேதி இந்த வீட்டை விற்றிருந்தால் என்ன விலை போயிருக்கும் என்பதுதான் ஒரே கேள்வி. நேற்றுக் கட்டி முடித்த ஃபிளாட்டுக்கும் அதே தேதிதான், அது அன்று இருந்ததாகக் கற்பனை செய்துகொண்டு போடுவார்கள். 40,000 பவுண்ஸ் வரை ஏ, 52,000 வரை பி, 68,000 வரை சி, 88,000 வரை டி, 1,20,000 வரை இ, 1,60,000 வரை எஃப், 3,20,000 வரை ஜி, அதற்கு மேல் எச்.

இந்த வரி 1993 ஏப்ரலில் தொடங்கியது. அதற்கு முன் நாட்டிலுள்ள எல்லா வீட்டையும் மதிப்பிட வேண்டியிருந்ததால், தனியார் எஸ்டேட் ஏஜென்ட்டுகளையும் அமர்த்தி, பலவற்றைத் தெருவோடு காரில் போய்க்கொண்டே பார்த்து எழுதினார்கள். ‘செகண்ட் கியர் மதிப்பீடு’ என்று அதற்குப் பட்டப்பெயரே உண்டு. இங்கிலாந்தில் அதன் பிறகு முழுமையான மறுமதிப்பீடு நடக்கவே இல்லை. 2007இல் நடக்க இருந்ததையும் 2005இல் தள்ளிப்போட்டார்கள். ஆகவே பிழைகள் இன்னும் கிடக்கின்றன. உங்களுக்குச் சாதகமான பிழையும் அதில் இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம்.

எவ்வளவு காலத்துக்குள் கேட்க வேண்டும்?

ஆறு மாதம். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

வி.ஓ.ஏ. பேண்டை மாற்றி அறிவித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், அல்லது அந்த வீட்டுக்கு நீங்கள் முதன்முதலாக வரி கட்டுபவரான நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள், முறையான ஆட்சேபனை கொடுக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. வி.ஓ.ஏ. நான்கு மாதத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். முடிவு பிடிக்காவிட்டால் தீர்ப்பாயம் போகலாம்.

ஆறு மாதம் தாண்டிவிட்டால் மறுபரிசீலனை செய்யும்படி கேட்கத்தான் முடியும். நல்ல ஆதாரம் இருந்தால் பார்ப்பார்கள். ஆனால் அந்த முடிவை எதிர்த்துத் தீர்ப்பாயம் போக வழியில்லை. இரண்டும் ஒரே இணையத்தளத்தில், ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் தொடங்கும். அதனால் பலர் வித்தியாசம் தெரியாமல் ‘பிறகு ஆறுதலாகப் பார்ப்போம்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஊருக்குப் போய் வந்து செய்யலாம் என்று வைக்காதீர்கள்.

வீட்டிலோ சுற்றுப்புறத்திலோ மாற்றம் நடந்திருந்தால் இந்தக் கெடு இல்லை: வீட்டின் ஒரு பகுதியை இடித்தது, இரண்டாகப் பிரித்தது, இயலாமை உள்ளவருக்காக மாற்றிக் கட்டியது, அருகில் புதிதாகப் பெருந்தெரு வந்தது போன்றவை.

என்ன ஆதாரம் கொடுக்க வேண்டும்?

பலமானது, அயல் வீடுகள். உங்கள் வீட்டைப் போன்றதே, ஆனால் குறைந்த பேண்டில் இருக்கும் வீடுகள் ஐந்து வரை காட்டலாம். அதே தெரு அல்லது அதே குடியிருப்பு, அதே காலத்தில் கட்டியது, அதே வகை, அதே அளவு. செமிக்கு (ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய வீடு) டெரஸ் வீட்டைக் (வரிசையாக ஒட்டிக் கட்டியது) காட்டினால் எடுபடாது.

செய்முறையைச் சொல்கிறேன். அரசாங்க இணையத்தளத்தில் கவுன்சில் டாக்ஸ் பேண்ட் தேடும் பக்கத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் தெருவிலுள்ள எல்லா வீடும் பேண்டோடு வரிசையாக வரும். ஒவ்வொரு விலாசத்தையும் அழுத்திப் பாருங்கள். பேண்ட், எந்தத் தேதியிலிருந்து, அப்புறம் மேம்பாட்டுக் குறி ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று இருக்கும். முன்பு சொன்ன, விற்பனைக்காகக் காத்திருக்கும் குறி இதுதான். உங்களைப் போலவே லொஃப்ட் போட்ட வீடு ஒன்று டியில் இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் அந்தக் குறியைப் பாருங்கள். ‘ஆம்’ என்றால் அது இன்னும் கைமாறவில்லை, லொஃப்ட் அதன் பேண்டில் இன்னும் சேரவில்லை. அந்த வீட்டைக் காட்டினால் வி.ஓ.ஏ. ஒரே வரியில் தள்ளிவிடும். லொஃப்ட் போட்டு, அதன் பிறகு விற்கப்பட்டு, குறி ‘இல்லை’ என்று ஆகி, அப்படியும் டியிலேயே இருக்கும் வீடுதான் உங்களுக்குத் தங்கம்.

அளவை எப்படி அறிவது? வீட்டின் எரிசக்திச் சான்றிதழ்களை இணையத்தில் யாரும் பார்க்கலாம், அதில் சதுர மீட்டர் இருக்கும். ஒன்றைக் கவனியுங்கள். தனி வீடுகளையும் செமிகளையும் வி.ஓ.ஏ. வெளிப்புறமாக அளக்கிறது. சான்றிதழில் இருப்பது உட்புற அளவு. ஆகவே அவர்கள் எண்ணோடு அதை ஒப்பிட்டுக் குழம்பாமல், உங்கள் சான்றிதழை அயலவர் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். யார் எப்போது என்ன கட்டினார் என்பது கவுன்சிலின் கட்டட அனுமதிப் பக்கத்தில் வரைபடத்தோடு கிடக்கும். உங்கள் வீட்டைப் பற்றி வி.ஓ.ஏ. வைத்திருக்கும் அளவே பிழையாக இருப்பதும் உண்டு. கூரைக்குள் ஏணி வைத்து ஏறிச் சாமான் போடும் இடத்தைப் படுக்கை அறை என்று எழுதியிருந்தால், இரண்டு படமே போதும்.

அடுத்தது விலை. 1989 ஏப்ரல் 1க்கும் 1993 மார்ச் 31க்கும் இடையில் உங்கள் வீடோ அதே மாதிரி வீடோ விற்ற விலை. 1991 ஏப்ரலுக்கு எவ்வளவு கிட்டவோ அவ்வளவு பெறுமதி. நிலப் பதிவகத்தின் இணைய விலைப்பட்டியல் 1995இலிருந்துதான் இருக்கிறது. அதற்கு முந்தியதற்குப் பழைய பத்திரங்கள், நெடுங்காலமாக இருக்கும் அயலவர், உள்ளூர் நூலகத்துப் பழைய பேப்பர் என்றுதான் போக வேண்டும்.

வீட்டுக்கடன் நிறுவனமான நேஷன்வைட்டின் இணையக் கணிப்பானில் இன்றைய விலையைப் போட்டால் 1991 விலை வருகிறதே?

உங்கள் மனதைத் திருப்திப்படுத்திக்கொள்ள நல்லது. ஆதாரமாக வி.ஓ.ஏ. ஏற்காது. சூப்ளா, ரைட்மூவ் போன்ற வீட்டு விளம்பரத் தளங்களின் சராசரி விலைகளும் அப்படியே. கணிப்பானும் அயல் பேண்டுகளும் ஒரே பக்கம் காட்டினால் மேலே போங்கள். கணிப்பான் மட்டும் காட்டினால் கொஞ்சம் யோசியுங்கள்.

கேட்கப்போய் இன்னும் கூடிவிடுமா?

கூடலாம். அயலவர் பேண்டும் கூடலாம், அதை அவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். இப்போதுதான் உயர்த்திய பேண்ட் மேலும் ஒரு படி ஏறுவது அபூர்வம். ஆனால் தெருவில் உங்கள் அளவு வீடுகள் பாதி எஃப்பில் இருந்தால் உங்கள் இ பேண்டை எதிர்த்து வாயைத் திறக்காமல் இருப்பதே புத்தி.

பழைய தேதியிட்டு ஒரு பெரிய தொகை கேட்கிறார்கள். கட்ட வேண்டுமா?

கடிதத்தில் ‘அமலுக்கு வரும் நாள்’ என்று ஒன்று இருக்கும். முந்தியவர் கட்டிய வேலைக்காகக் கூடியதென்றால் பொதுவாக வீடு கைமாறிய நாளைப் போடுவார்கள். பட்டியலில் முன்பே இருந்த பிழையைத் திருத்திக் கூட்டியதென்றால், திருத்திய நாளிலிருந்துதான் வாங்கலாம், பின்னோக்கிப் போக முடியாது. எந்த வகை என்று பார்த்து, தேதி பிழையென்றால் அதையும் சேர்த்தே ஆட்சேபியுங்கள். பேண்ட் சரி, தேதி மட்டும் பிழை என்றும் கேட்கலாம்.

இதெல்லாம் நடக்கும்வரை புதிய பில்லைக் கட்டிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நிறுத்தினால் நோட்டீஸ், கோர்ட் சம்மன் என்று கவுன்சில் தன் பாட்டில் போகும். வென்றால், அதிகமாகக் கட்டிய பணம் திரும்பி வரும். ஒரேயடியாகக் கட்ட இயலாவிட்டால் கவுன்சிலுக்கு உடனே போன் பண்ணித் தவணை கேளுங்கள். வழக்கமான பத்து மாதத் தவணையைப் பன்னிரண்டாக்கும்படியும் கேட்கலாம்.

வி.ஓ.ஏ. மறுத்துவிட்டது. தீர்ப்பாயம் போவது வீண் செலவா?

செலவே இல்லை. மதிப்பீட்டுத் தீர்ப்பாயம் வி.ஓ.ஏ.யிலிருந்து தனியானது, கட்டணம் கிடையாது, தோற்றாலும் மற்றவர் செலவை உங்கள் மேல் போட மாட்டார்கள். வி.ஓ.ஏ.யின் முடிவு வந்து மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

நீதிமன்றம் மாதிரி கறுப்பு அங்கியெல்லாம் இல்லை. சம்பளம் வாங்காமல் பணிபுரியும் பொதுமக்கள் சிலர் உட்கார்ந்து கேட்பார்கள், வீடியோ வழியாகவும் நடக்கும். வக்கீல் தேவையில்லை. உங்கள் மகனோ நண்பரோ உங்களுக்காகப் பேசலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். விசாரணைக்கு முன் வி.ஓ.ஏ. தன் ஒப்பீட்டு வீடுகளை உங்களுக்கு அனுப்பும். அந்தப் பட்டியலை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்: அடுத்த தெருவா, கராஜ் உண்டா, அளவு பத்து மீட்டர் கூடவா. ‘எங்களால் கட்ட முடியவில்லை’ என்ற பேச்சை அங்கே யாரும் கணக்கில் எடுக்க முடியாது. ‘அவர்கள் காட்டிய மூன்றாவது வீடு என் வீட்டைவிடப் பெரிது, இதோ வரைபடம்’ என்பதைக் கட்டாயம் எடுப்பார்கள்.

போனில் ஒருவர் ‘பணத்தை எடுத்துத் தருகிறோம், வென்றால் மட்டும் பங்கு’ என்கிறார்?

மேலே சொன்ன எதற்கும் பணம் தேவையில்லை, நீங்களே செய்யலாம். கவுன்சிலிலிருந்தோ வி.ஓ.ஏ.யிலிருந்தோ கதைக்கிறோம் என்று சொல்லி பேங்க் விவரம் கேட்டால் போனை வையுங்கள்.

வீட்டில் சக்கர நாற்காலியில் ஒருவர் இருக்கிறார். அதற்குக் குறைப்பு உண்டா?

உண்டு, அது வேறு திட்டம். அவருக்கென்று இரண்டாவது குளியலறையோ சமையலறையோ, அவர் தேவைக்கே பாவிக்கும் ஓர் அறையோ, வீட்டுக்குள் சக்கர நாற்காலி ஓடுவதற்கான இடமோ இருந்தால், ஒரு பேண்ட் குறைவாகக் கணக்கிட்டுப் பில் வரும். ஏயில் இருப்பவருக்கும் ஒரு பங்கு குறையும். விண்ணப்பம் கவுன்சிலுக்கு. பேண்ட் சண்டையில் தோற்ற பலருக்கு இதுதான் கைகொடுக்கிறது.

வாடகைக்கு இருப்பவர் கேட்கலாமா?

பில் உங்கள் பெயரில் என்றால் தாராளமாக. வீட்டுக்காரரின் அனுமதி தேவையில்லை.

வேல்ஸ், ஸ்கொட்லாந்து?

வேல்ஸில் 2003 ஏப்ரல் 1 விலையை வைத்து 2005இல் எல்லாவற்றையும் திரும்ப மதிப்பிட்டார்கள். அங்கே ஐ வரை ஒன்பது பேண்ட். அடுத்த மறுமதிப்பீடு 2028இல் வர இருக்கிறது. ஸ்கொட்லாந்தில் தேதி 1991தான், எல்லைகள் வேறு. டி என்றால் 45,001 முதல் 58,000 வரை. வி.ஓ.ஏ.க்குப் பதில் உள்ளூர் அசெசரிடம் (மதிப்பீட்டாளரிடம்) போக வேண்டும். வட அயர்லாந்தில் கவுன்சில் டாக்ஸே இல்லை, ரேட்ஸ் என்ற பழைய முறை.

இரண்டு மில்லியனுக்கு மேற்பட்ட வீடுகளுக்குப் புதிய வரி என்கிறார்களே, அதுவா இது?

இல்லை. 2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்த அது 2028 ஏப்ரலிலிருந்து தனியாக வரும் மேல்வரி. பேண்டோடு சம்பந்தமில்லை.

வீடு வாங்கப் போகிறோம். முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஐந்து நிமிட வேலை. எஸ்டேட் ஏஜென்ட் விளம்பரத்தில் போட்டிருக்கும் பேண்ட் இன்றைய பேண்ட், உங்களுக்கு வரப்போகும் பேண்ட் அல்ல. மேலே சொன்ன பக்கத்தில் அந்த விலாசத்தை அழுத்தி மேம்பாட்டுக் குறியைப் பாருங்கள். ‘ஆம்’ என்றால் ஒரு படி கூடும் என்று வைத்தே மாதக் கணக்கைப் போடுங்கள். குறி இல்லாமல் லொஃப்ட் கண்ணுக்குத் தெரிந்தாலும் அப்படித்தான், வி.ஓ.ஏ.க்கு அது இன்னும் தெரியாமல் இருக்கலாம். வேலைகள் எந்த வருடம் நடந்தன, அனுமதிப் பத்திரங்கள் எங்கே என்று சொலிசிட்டர் மூலம் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். கடிதம் வந்தால் ஆறு மாதத்தில் முதல் மாதம் அதைத் தேடுவதிலேயே போய்விடாது.